பாணந்தி அறையும் பிரசவ வார்டும்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதில் மைசூருக்கும் நமக்கும் வித்தியாசம் கிடையாது. கன்னடத்தில் தாய்வீட்டைத் ‘தவருமனை’ என்பார்கள். பிள்ளை பெற்றவள் ‘பாணந்தி’, அவளைப் பார்த்துக்கொள்வது ‘பாணந்தனம்’. மைசூரில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களிலும் இந்தச் சொற்கள் புழங்கும். பூண்டுக் குழம்பும் சப்ஸிகெ சொப்பும், அதாவது சதகுப்பைக் கீரையும், ஒரே தட்டில் வரும். இந்த வீட்டுப் பராமரிப்பையும் மருத்துவமனைப் பராமரிப்பையும் ஒரே ஒரு சிக்கலில் மட்டும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன்: பிறந்த முதல் வாரத்தில் பால் கொடுப்பதில் வரும் திண்டாட்டம்.

அந்தத் திண்டாட்டத்துக்கு வீட்டில் ஒரே பெயர்தான்: “பால் வரலை.” உண்மையில் முதல் இரண்டு நாள் சீம்பால் மட்டும்தான் வரும். கெட்டியாக, மஞ்சளாக, ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் தேறினால் அதிகம். பிறந்த குழந்தையின் இரைப்பைக்கும் அவ்வளவுதான் கொள்ளும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் சுரப்பு சரிகிறது. அதன் பிறகுதான் பால் பெருகத் தொடங்கும். அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். தலைப்பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய் என்றால் இன்னும் தள்ளிப் போகலாம். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்துப் பிரசவங்களில் 31.5 சதவீதம் சிசேரியன், தமிழ்நாட்டில் 44.9 சதவீதம். ஆகவே பால் தாமதமாக இறங்குவது எங்கோ ஒருத்திக்கு வரும் அபூர்வம் இல்லை. இது தெரியாத வீட்டில் இரண்டாம் நாள் ராத்திரியே கலவரம் தொடங்கிவிடும்.

அந்த ராத்திரியில் பாட்டியும் நர்ஸும் பார்ப்பது வேறு வேறு. பாட்டி அழுகையைக் கேட்கிறாள். குழந்தை அழுதால் பசி, பசி என்றால் பால் பத்தவில்லை. அவளிடம் அதற்கு மருந்தும் உண்டு: தென்மாவட்டத்துக்காரி என்றால் ‘சேனை’ என்று நாவில் இனிப்பைத் தொட்டு வைப்பாள், இல்லாவிட்டால் ஒரு சொட்டுத் தேன், சர்க்கரைத் தண்ணீர். கழுதையை ஓட்டிக்கொண்டு தெருவில் வருபவரிடம் ஒரு சங்குப் பால் வாங்கிப் புகட்டுவதும் இரு மாநிலத்திலும் இன்னும் ஒழியவில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்ன காலமும் இருந்தது. இப்போது அது பெருமளவு குறைந்துவிட்டது. இவற்றில் தேனைப் பற்றி மட்டும் கறாராகச் சொல்லியாக வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும். மற்றவற்றின் கெடுதல் சுற்றுவழியில் வரும். அரை வயிறு சர்க்கரைத் தண்ணீர் குடித்த குழந்தை அடுத்த வேளை மார்பைச் சப்பாது. சப்பாத மார்பில் சுரப்பும் குறையும். “பத்தலை” என்று சொன்னது அப்படியே பலித்துவிடும்.

நர்ஸ் அழுகையை அவ்வளவாகக் கேட்பதில்லை. அவள் பார்ப்பது குழந்தையின் வாயை. நல்ல நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்யும்போது கவனித்தால் அது எவ்வளவு நுணுக்கமான கைவேலை என்பது தெரியும். குழந்தையின் தலையைப் பிடித்து அழுத்த மாட்டாள். முதுகையும் பிட்டத்தையும் சேர்த்துத் தாங்கி, வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்புவாள். காம்பால் மேலுதட்டை லேசாக உரசுவாள். குழந்தை கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும். அந்த ஒரு நொடியில் சட்டென்று மார்போடு சேர்ப்பாள். மோவாய் மார்பில் பதிந்திருக்க வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும், கருவட்டம் கீழே மறைந்து மேலே கொஞ்சம் தெரிய வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் வலி உயிர் போகும். இரண்டே நாளில் வெடிப்பு விழும். வெடித்த காம்புக்குக் களிம்பு தேடுகிறவர்கள் அதிகம். கவ்வும் விதத்தை மாற்றாமல் களிம்பு பூசி என்ன பயன்?

இந்தப் பாடம் பாட்டிக்குத் தெரியாதா என்று கேட்கலாம். அவள் ஐந்தாறு பிள்ளைக்குப் பால் கொடுத்தவளாக இருந்தால் அவள் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. தானாக வந்ததைச் சொல்லிக்கொடுப்பது கடினம். இன்றைய பாட்டிகளில் பலர் எழுபது, எண்பதுகளில் டப்பாப் பால் கொடுத்து வளர்த்த தலைமுறை என்பதையும் மறக்கக் கூடாது. நாம் ‘பாரம்பரியம்’ என்று நினைப்பதில் பாதி அந்தக் காலத்துப் பழக்கம்தான்.

உள்ளிழுத்த காம்பு விஷயத்தில் மருத்துவமனையின் பங்கு இன்னும் தெளிவு. “காம்பு சரியில்லை, இவளால கொடுக்க முடியாது” என்று வீட்டில் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அதற்குக் கர்நாடகத்திலேயே ஒரு வழி பிறந்தது. தாவணகெரெயைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் நிர்மலா கேசரியும் உடன் பணியாற்றியவர்களும் 1993இல் ஒரு சர்வதேச இதழில் அதை எழுதினார்கள். வேண்டியது ஒரு பத்து மில்லி பிளாஸ்டிக் ஊசிக்குழல். ஊசி மாட்டும் நுனியை அறுத்தெறிந்துவிட்டு, தண்டை அறுத்த பக்கத்திலிருந்து உள்ளே செருக வேண்டும். மறுபக்கத்து வழவழப்பான விளிம்பைக் காம்பின் மேல் வைத்து, தண்டை மெதுவாக இழுத்து ஒரு நிமிடம் வரை பிடிக்க வேண்டும். காம்பு வெளியே வரும்; உடனே குழந்தையை விட வேண்டும். சில ரூபாய் செலவு. மருந்துக்கடையில் விலை உயர்ந்த பம்பும் ஷீல்டும் விற்கும் இந்நாளிலும் அரசு மருத்துவமனை வார்டுகளில் இந்த அறுத்த குழலைப் பார்க்கலாம்.

மருத்துவமனைக் கட்சி ஜெயித்துவிட்டது போலத் தோன்றும். அப்படி இல்லை. தேவராஜ மார்க்கெட் பக்கத்துக் கிரந்திகெ கடைகளில், நம் ஊர் நாட்டு மருந்துக்கடை போன்றவை அவை, பாணந்திக்கென்று சாமான் கட்டித் தருவார்கள்: சுக்கு, மிளகு, ஓமம், வெந்தயம், உலர்பழம், பிசின். தமிழ் வீட்டில் லேகியம், முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு. இவை பாலைக் கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று குறைவு; மார்பிலிருந்து பால் வெளியேற வெளியேறத்தான் சுரக்கும். ஆனால் இதையெல்லாம் இடித்து, வறுத்து, கிளறிக் கொடுக்க ஒருத்தி வீட்டில் இருக்கிறாளே, அதுதான் மருந்து. எண்ணெய் தேய்த்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, தலைக்குச் சாம்பிராணி போட்டு, நாற்பது நாள் ஒரு சொம்பைக்கூடத் தூக்க விடாத ஏற்பாட்டில்தான் ஒரு பெண்ணால் ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு உட்கார முடியும். இதை எந்த வார்டும் தந்ததில்லை. அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரே மனத்தாங்கல், தண்ணீர் குடிக்க விடாதது. அதிகம் குடித்தால் பால் அதிகமாகாது, உண்மைதான். அதற்காகப் பால் கொடுப்பவளைத் தாகத்தோடு போட்டுவைப்பது எந்த ஊர் நியாயம்?

பாட்டியும் மருத்துவமனையும் ஒத்துப்போகிற இடமும் உண்டு, அது மல்லிகை. குழந்தையை இழந்தவளுக்கோ பால் மறக்க வேண்டியவளுக்கோ மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டுவது பாட்டி வைத்தியம். வேலூரில் நடந்த ஆய்வு ஒன்று 1988இல் அச்சானது. மல்லிகையையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், பாலைக் குறைப்பதில் பூ மாத்திரைக்கு ஏறக்குறைய ஈடுகொடுத்தது. மல்லிகைக்குப் பெயர்போன மைசூரில் இதை நினைவில் வைப்பது நல்லது. நான்காம் நாள் மார்பு கல்லாக இறுகிப் பால் கட்டிக்கொண்டால், வலி தாளாமல் “பூ வைச்சா இறங்கும்” என்று யாராவது சொல்வார்கள். இறங்கும்தான், கூடவே வற்றியும் போகும். பால் கட்டினால் கையால் கொஞ்சம் பீய்ச்சி, கருவட்டம் இளகியதும் குழந்தையை விட வேண்டும். கொடுத்து முடித்ததும் குளிர்ந்த ஈரத்துணி. காய்ச்சலும் சிவப்பும் சேர்ந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இனி டப்பா. வீடு, மருத்துவமனை இரண்டுக்கும் இது பொதுவான குறுக்குவழி. பாட்டி பயந்து வாங்கச் சொல்வாள்; மருத்துவமனையில் எடைச் சீட்டைப் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். மைசூருக்கு இதில் ஒரு பழைய பந்தம் உண்டு. 1950இல் இங்கே தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்தான் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டது. ஆனந்தில் அமுல் அதை டப்பாவில் அடைத்து நாடெங்கும் விற்றது. இறக்குமதிப் பால்பொடி கிடைக்காத நாளில் அது பெரிய சாதனை, தாயில்லாப் பிள்ளைகளுக்கு வரம். அந்த நிறுவனம் இருப்பது செலுவாம்பா மாளிகையில். ஊரின் அரசுப் பிரசவ மருத்துவமனைக்கும் செலுவாம்பா என்றே பெயர். ஒரே பெயரில் ஒன்றில் பால்பொடி ஆராய்ச்சி, மற்றொன்றில் தாய்ப்பால் பாடம்! டப்பாவை விளம்பரப்படுத்துவதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2003இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. மருத்துவக் காரணத்துக்காக டப்பா தேவைப்படும் குழந்தைகள் உண்டு: சர்க்கரை அளவு இறங்கிய குழந்தை, பிறந்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் இழந்த குழந்தை. அப்படிக் கொடுக்க நேர்ந்தவளைக் குற்றவாளியாக்குவது அநியாயம். ஆனால் டப்பாவுக்கு முன்னால் சீம்பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் எடுத்துப் புகட்டிப் பார்த்தார்களா என்று கேட்கலாம். கன்னட வீட்டில் அதே பாலாடைக்கு ‘ஒளலெ’ என்று பேர். பரணில் தேடினால் பாட்டி காலத்து வெள்ளி ஒளலெ அகப்படலாம்.

வீட்டையும் வார்டையும் பிரிக்கிற பெரிய கோடு இந்த மருந்து, உணவு விஷயங்களில் இல்லை, நாட்கணக்கில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள், சிசேரியனுக்கு ஏழு நாள் என்று கணக்கிட்டு இலவச உணவு தருகிறது. சுகப்பிரசவமானவள் வீடு திரும்பும் நாளும் பால் இறங்கும் நாளும் கிட்டத்தட்ட ஒன்று. கவ்வுதல் தெரிந்த நர்ஸ் இருந்தபோது பால் இல்லை. பால் வந்து மார்பு இறுகும்போது நர்ஸ் இல்லை. அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான டப்பாக்கள் திறக்கப்படுகின்றன என்பது என் கணிப்பு. ஆஷா ஊழியர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கு வர வேண்டும் என்று விதி இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் பிரசவித்துக் குவெம்புநகரிலோ விஜயநகரிலோ அடுக்குமாடியில் இருப்பவளுக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரிந்திருக்காது.

ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும் முன் ஒரு முழு வேளைப் பாலை நர்ஸின் எதிரில் கொடுக்க வேண்டும். பாட்டியை வெளியே உட்கார வைக்காமல் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். வீட்டில் அழுகைக்குப் பதிலாக எண்ண வேண்டியதையும் அவளிடமே ஒப்படைக்கலாம்: ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு ஈரத்துணியாவது விழுகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட்டதா, மஞ்சள் காலுக்கு இறங்குகிறதா, எழுப்பினாலும் எழாமல் தூங்குகிறதா. கடைசி இரண்டில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குத் திரும்பிவிட வேண்டும்.