காற்றுக்கு வலப்புறம்: கடல் நீரோட்டக் கோட்பாடு உருவான வரலாறு

காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமே கடலும் ஓடும் என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பு எப்படித் தகர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். தகர்த்தவை பனிக்கட்டியில் உறைந்த ஒரு கப்பலும் ஓர் இளைஞரின் கணக்கும்.

நீரோட்டங்கள் இருப்பதைக் கடலோடிகள் முன்பே அறிந்திருந்தனர். 1769ஆம் ஆண்டளவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வளைகுடா நீரோட்டத்தின் வரைபடத்தை அச்சிடச் செய்தபோது, அதற்கான தகவலைத் தந்தவர் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த, திமிங்கில வேட்டை அறிந்த மாலுமி டிமோத்தி ஃபோல்ஜர். திமிங்கிலங்களைத் துரத்தியவர்களுக்கு ஓட்டத்தின் விளிம்பு அத்துபடி. ஆனால் அது ஏன் அங்கே ஓடுகிறது என்பது விளங்கவில்லை. 1878இல் ஜெர்மானிய அறிஞர் ட்சோப்ரிட்ஸ், நீரின் பாகுத்தன்மையை மட்டும் கொண்டு கணக்கிட்டார். காற்றின் இழுப்பு 100 மீட்டர் ஆழத்தில் வலுப்பெற 200 ஆண்டுகளுக்கு மேலாகும் என்று விடை வந்தது. கணக்கில் பிழையில்லை. கடலின் கொந்தளிப்பும் புவியின் சுழற்சியும் அதில் சேரவில்லை, அவ்வளவே.

1881இல் 'ஜீனெட்' என்ற கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நொறுங்கி மூழ்கியது. 3 ஆண்டுகளுக்குப் பின் அதன் சிதைவுகள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. வடதுருவக் கடலின் குறுக்கே ஓர் ஓட்டம் இருந்தாக வேண்டும் என்று நார்வேயின் ஃபிரிட்யோஃப் நான்சன் முடிவு செய்தார். பனி நெருக்கினால் நொறுங்காமல் மேலே எழும்பும்படி உருண்ட அடிப்பாகத்துடன் 'ஃபிராம்' கப்பலைக் கட்டுவித்து, 1893இல் அதை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டார். 1896இல் அது ஸ்பிட்ஸ்பெர்கன் அருகே விடுபட்டது.

அந்தப் பயணத்தின் உண்மையான செல்வம் ஒரு சிறு கவனிப்பு என்பது என் கருத்து. பனிப்பரப்பு காற்றின் திசையில் நகரவில்லை. அதிலிருந்து 20 முதல் 40 பாகை வரை வலப்பக்கம் விலகியே நகர்ந்தது. மாதக்கணக்கில் சலிக்காமல் எழுதிவைத்த குறிப்புகள் இல்லையேல் இந்த விலகல் தற்செயல் என்று தள்ளப்பட்டிருக்கும். நான்சன் காரணத்தையும் ஊகித்தார். சுழலும் புவியின் மேல் நகரும் எதுவும் வடகோளத்தில் வலப்பக்கம் ஒதுங்கும். மேல் அடுக்கு தன் கீழ் அடுக்கை இழுக்க, ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பும்.

ஊகத்தைக் கணிதமாக்க இயற்பியலாளர் வில்ஹெல்ம் பியெர்க்னஸின் உதவியை அவர் நாடினார். பியெர்க்னஸ் கைகாட்டியவர் சுவீடன் மாணவர் வாக்ன் வால்ஃபிரிட் எக்மான். கணக்கு கைக்கு வந்த அன்று மாலையே எக்மான் தீர்வின் உருவத்தை எட்டிவிட்டார் என்பர். 1905இல் விரிவாக வெளியான அவரது ஆய்வின்படி, மேற்பரப்பு நீர் காற்றுக்கு 45 பாகை வலப்புறம் ஓடும். ஆழம் கூடக்கூட வேகம் குறைந்து திசை சுருளாகத் திரும்பும். மொத்த நீரையும் கூட்டிப் பார்த்தால் அது காற்றுக்குச் செங்குத்தாக, 90 பாகை வலப்புறம் நகரும். தென்கோளத்தில் இடப்புறம். ட்சோப்ரிட்ஸ் கணக்கிட்ட நூற்றாண்டுகள் ஓரிரு நாள்களாகச் சுருங்கின.

எக்மான் சொன்ன சுருளைத் திறந்த கடலில் தெளிவாக அளப்பது எளிதாக இருக்கவில்லை. அலைகளும் வெப்ப மாற்றங்களும் அதைக் கலைத்துவிடும். சார்காசோ கடலின் நீண்ட அளவீடுகளைச் சராசரியாக்கி, அச்சுருள் சற்றுத் தட்டையாக இருப்பதை ஆய்வாளர்கள் 1987இல் காட்டினர்.

இதற்கிடையே, எக்மானுக்குப் பின் வந்தவர்கள் கோட்பாட்டை அடுத்தடுத்து வளர்த்திருந்தனர். 1947இல் ஸ்வெர்ட்ருப், 1948இல் ஹென்றி ஸ்டோமல், 1950இல் வால்ட்டர் முங்க். புவிச்சுழற்சியின் விளைவு அகலாங்குக்கு அகலாங்கு மாறுவதால்தான் வளைகுடா நீரோட்டம் கடலின் மேற்கு விளிம்பில் ஒடுங்கிப் பாய்கிறது என்று ஸ்டோமல் ஒரு குறுங்கட்டுரையில் நிறுவினார். ஃபோல்ஜர் கண்ட விளிம்புக்கு அப்போதுதான் விளக்கம் கிடைத்தது.

எக்மானின் விதி நம் கரையிலும் வேலை செய்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கன்னியாகுமரிக்குத் தெற்கே மேலைக்காற்று வீசும்போது, மேல்நீர் காற்றுக்கு வலப்புறமாகத் தெற்கே, கரையை விட்டு விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, ஊட்டமிக்க நீர் எழுகிறது. மிதவை உயிரிகள் பெருகுகின்றன; அவற்றைத் தேடி மீன் வருகிறது. நீரோட்டத்தை நீவாடு என்று சொல்லும் கடலோரத்தில், ஜூலை மாதத்தில் கையில் படும் அந்தக் குளிர்ந்த நீர் ஆழத்திலிருந்து வந்தது.