எட்டாயிரம் சிங்கங்கள்

திருவான்மியூரில் தொடங்குகிற கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் மாமல்லபுரம். மண்டபத் தூண்களைத் தலையில் தாங்கி உட்கார்ந்திருக்கும் பல்லவர் காலத்துச் சிங்கங்களை அங்கே பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டுக் காட்டில் புலி உண்டு, சிறுத்தை உண்டு, சிங்கம் கிடையாது. இந்தியாவிலேயே அது குஜராத்தில் கிர் காட்டிலும் அதைச் சுற்றியும்தான் வாழ்கிறது. 2025 கணக்கெடுப்பில் 891. அப்படியிருந்தும் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்ல உட்காரும் நம் வீட்டுப் பாட்டி, காட்டுக்கு ராஜாவாகச் சிங்கத்தைத்தான் நிறுத்துவாள்.

அந்தச் சாலையின் தலைமாட்டில், அதே திருவான்மியூரில் இருக்கிறது தாரா பதிப்பகம். கீதா உல்ஃப் 1994இல் தொடங்கியது. அதன் தலையெழுத்தை மாற்றியதும் ஒரு சிங்கம்தான். புத்தகத்தின் பெயர் ‘தி வெரி ஹங்ரி லயன்’. கீதா உல்ஃப் எழுத, பரோடா ஓவியர் இந்திரப்பிரமித் ராய் படம் போட்டார். ஆங்கிலப் புத்தகம் என்றாலும் அந்தச் சிங்கத்தின் பெயர் சிங்கமேதான். அதற்குப் பசி உயிர் போகிறது, ஓடி வேட்டையாடத்தான் உடம்பு வளையவில்லை. அலுங்காமல் வாய்க்குள் வந்து விழும் இரை தேடிக் கிளம்புகிறது. குருவி, ஆட்டுக்குட்டி, மான் எல்லாம் ஒவ்வொன்றாக அதற்குத் தண்ணி காட்டுகின்றன. சின்னது பெரியதை ஏய்க்கும் கதைதான். முயலும் கிணறுமாக நாம் எப்போதோ கேட்டது. என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது அந்தப் புத்தகம் உருவான விதமும் அது போய்ச் சேர்ந்த தூரமும்.

அந்தப் படங்களின் வேர் மகாராஷ்டிரத்தில், வார்லிப் பழங்குடியினரின் வீட்டுச் சுவரில் இருக்கிறது. செம்மண் பூசிய சுவர். அரிசிமாவைக் கரைத்து, நுனி நைத்த மூங்கில் குச்சியால் தொட்டுத் தொட்டு வரைவார்கள். நம் வாசலில் தரையில் விழுகிற அதே மாவு அங்கே சுவரேறுகிறது. கல்யாணச் சுவரில் சுமங்கலிகள் வரைவது மரபு. இரண்டு முக்கோணங்களை முனையோடு முனை சேர்த்தால் உடம்பு, ஒரு வட்டம் தலை, குச்சிக் கோடுகள் கைகால். இத்தனை சிக்கனத்தில் ஒரு ஊரே ஆடும், கதிர் அறுக்கும், மீன் பிடிக்கும். ஜீவ்யா சோமா மாஷே போன்ற வார்லி ஓவியர்கள் வழியாக 1970களில் இந்தக் கலை தாளுக்கு இறங்கி வெளியூர்க் கண்களில் பட்டது. வார்லிகள் தெய்வமாகக் கும்பிடுவது புலியை. அந்தக் கோட்டில் ஒரு சோம்பேறிச் சிங்கத்தை நடக்கவைத்தது ராயின் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

1990களின் நடுவில் இந்தச் சிங்கப் புத்தகத்தின் மாதிரிப் பிரதி பிராங்க்பர்ட் புத்தகச் சந்தைக்குப் போனது. கையால் செய்த காகிதத்தில், ஸ்கிரீன் பிரிண்டிங்கில் போட்ட மாதிரி. கனடாப் பதிப்பாளர் ஒருவர் அதைப் பார்த்து 8,000 பிரதிகள் கேட்டார். அதே காகிதம், அதே கையச்சு வேண்டும் என்றார்.

ஸ்கிரீன் பிரிண்டிங் சென்னைக்குப் பழகிய தொழில். கல்யாணப் பத்திரிகை, தாம்பூலப் பை, ஜவுளிக்கடை மஞ்சப்பை எல்லாம் இந்தச் சட்டத்தின் கீழே போய் வந்தவைதான். ஆனால் பைக்கு ஒரு நிறம் போதும், மிஞ்சினால் இரண்டு. படப்புத்தகத்தின் கணக்கே வேறு. ஒரு தாளுக்கு நான்கு நிறம் என்று வைத்துக்கொண்டால், 8,000 பிரதிக்கு அந்த ஒரு தாளுக்கு மட்டும் 32,000 தடவை மை இழுத்தாக வேண்டும். புத்தகத்தில் அப்படி எத்தனையோ தாள்கள். ஆறுமுகம் என்ற அச்சுக் கலைஞர் இந்தப் பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்க வேண்டும். சட்டத்தில் வலைத்துணியை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு ஒன்றை அதன்மேல் தடவி, இருட்டில் காயவிடுவார்கள். படத்தின் ஒரு நிறத்துக்கான பிலிமை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் கெட்டிப்படும். பிலிமின் கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து வழிவிடும். அந்த வழியாகத்தான் சிங்கம் தாளுக்கு இறங்க வேண்டும். சட்டத்தைத் தாள்மேல் இறக்கி, ஒரு ஓரமாக மையை ஊற்றி, ரப்பர் பட்டை வைத்த ஸ்குவீஜியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே மூச்சில் இழுப்பார்கள். அழுத்தம் கூடினால் மை கசியும், குறைந்தால் திட்டுத்திட்டாக விழும். இழுத்த தாளைக் காயப்போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். எல்லாத் தாளும் காய்ந்த பிறகே இரண்டாவது நிறம், அதற்கு வேறு சட்டம். மயிரிழை பிசகினாலும் நிறம் கோட்டைத் தாண்டி எட்டிப்பார்க்கும்.

காகிதம் இன்னொரு சோதனை. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி வார்த்தெடுத்த தாள் அது. ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஓரிடம் தடித்திருக்கும், ஓரிடத்தில் நார் துருத்திக்கொண்டிருக்கும். ஈரக்காற்று பட்டால் தாள் விரியும், வெயிலில் சுருங்கும். விரிந்த தாளில் முதல் நிறத்தோடு இரண்டாம் நிறத்தைச் சேர்ப்பதற்கு இயந்திரம் உதவாது; பல தாளைத் தொட்டுப் பழகிய விரல்தான் உதவும். அதனால்தான் இந்தப் புத்தகத்தின் எந்த இரண்டு பிரதியிலும் சிங்கம் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வழியில்லை. எட்டாயிரம் பிரதி என்றால் எட்டாயிரம் சிங்கம். அவை 1996இல் கனடாவில் ஆனிக் பிரஸ் வெளியீடாகப் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்த ஒரு ஆர்டரோடு கலைந்திருக்க வேண்டிய அச்சுப் பட்டறை கலையவில்லை. ஏஎம்எம் ஸ்கிரீன்ஸ் என்ற பெயரில், ஆறுமுகத்தின் தலைமையில் நிலைத்தது. பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய கோண்டு ஓவியர்களின் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ 2006இல் அங்கிருந்துதான் வந்தது. கறுப்புத் தாளில் மரங்கள் ஒளிரும் அந்தப் புத்தகத்துக்கு 2008இல் போலோனியா சிறார் புத்தகச் சந்தையின் விருது கிடைத்தது. 2013இல் ஆசியாவின் சிறந்த சிறார் பதிப்பகம் என்று தாராவையே போலோனியா தேர்ந்தெடுத்தது.

ஒரு குறை எனக்கு உண்டு. கையால் செய்த புத்தகத்துக்கு விலை கூடத்தான் செய்யும். அத்தனை கைகளுக்கும் கூலி போக வேண்டுமே. அதனால் இவை பெரும்பாலும் வசதியான வீட்டு அலமாரிக்குப் போகின்றன. மஞ்சப்பையில் பெயர் அச்சிட்ட ஊரின் தொழில் இது. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகும் வீட்டுப் பிள்ளையும் இதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஊர் நூலகங்கள் இப்படிப்பட்ட புத்தகங்களை வாங்க வேண்டும். வாங்கிக் கண்ணாடிக்குள் பூட்டிவிடாமல், பாயில் பரப்பிவைக்க வேண்டும். கிழிந்தால் கிழியட்டும். துணிக்கூழ்க் காகிதம் அவ்வளவு சீக்கிரம் கிழியாது.

இந்தச் சிங்கப் புத்தகத்தைத் தங்கை மகளிடம் காட்டியபோது அவளுக்கு ஐந்து வயது. புத்தகத்தை மடியில் வைத்ததும் அவள் படத்தைப் பார்ப்பதற்கு முன் தாளை மோந்து பார்த்தாள். பிறகு மை மேடிட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, சிங்கத்தின் முதுகோடு மெதுவாக ஓட்டினாள்.

“பெரியம்மா, இது பெயின்ட்டா?”

“கையால அச்சடிச்சதுடா கண்ணு.”

நம்பாமல் நகத்தால் ஒருமுறை சுரண்டினாள். நகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. “காஞ்சிருச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டியபடி கேட்டாள்:

“சிங்கம் சாப்ட்டுச்சா?”