ஆய்வுக்கு என்ன தலைப்பு?

எதிர்வீட்டுப் பெண் எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். போன வாரம் வந்து, "தாத்தா, ஆய்வேட்டுக்குக் 'காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி'ன்னு தலைப்பு வச்சுக்கவா?" என்று கேட்டாள்.

1739-இல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. 1954 நவம்பர் 1 அன்றுதான் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. இருநூற்றுப் பதினைந்து வருடம்! எழுபது பக்கத்தில் எதை எழுதுவாள், எதை விடுவாள்?

அவளைச் சொல்லி என்ன? அந்த வயதில் நான் எடுத்த தலைப்பு 'டூப்ளேயின் ராஜதந்திரம்'. நூலகத்தில் கிடைத்த நான்கு புத்தகங்களைப் படித்து ஐந்தாவதாக ஒன்றை எழுதினேன். மதிப்பெண் வந்தது. அதில் புதிதாக ஒரு வரி கிடையாது.

அதே சமயம் வீட்டுத் திண்ணையில் என் அப்பாயி உட்கார்ந்திருந்தார். அவருடைய சித்தப்பா ஒருவர் கப்பலேறி பூர்போன் தீவுக்குப் போய்த் திரும்பவே இல்லை என்று அடிக்கடி சொல்வார். ரீயூனியனுக்குத்தான் அந்தப் பழைய பெயர். பரீட்சைக்குப் படிக்கிற அவசரத்தில் "சரி அப்பாயி" என்று எழுந்து போய்விடுவேன். நான் ஆய்வேட்டைக் கொடுத்த மறு வருடம் அவர் காலமானார்.

பிறகுதான் படித்தேன். 1861-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஆங்கிலேயர் பகுதி ஆட்களையும் பிரெஞ்சுத் துறைமுகங்கள் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிப் போக அது அனுமதித்தது. காரைக்கால் அப்படியொரு துறைமுகம். ஐந்து வருட ஒப்பந்தக் கூலி. ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கில அரசு 1882-இல் நிறுத்தியது. அட்லாண்டிக் தாண்டி குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42 ஆயிரம் இந்தியர் போயிருக்கிறார்கள். போனவர்களுக்கு எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். பெயர் தெரிந்தால் தேடலாம். அப்பாயி கடைசிவரை 'சித்தப்பா' என்றே சொன்னார். அவர் பேரையோ, அவருடைய அப்பா பேரையோ நான் ஒருநாளும் கேட்கவில்லை.

இந்தப் பெண்ணுக்கும் முதலில் கப்பல் விஷயத்தைத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் அதற்குப் பிரெஞ்சு படிக்கத் தெரிய வேண்டும். ஆவணங்களில் பெரும்பகுதி பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் இருக்கிறது. அவளுக்கு இருப்பதோ ஆறு மாதம். நம்மால் போய்ப் பார்க்க முடியாத சான்றை நம்பித் தலைப்பு வைத்தால் மறுபடியும் நாலு புத்தகம்தான் கதி.

அதனால் வேறொன்று சொன்னேன். 1962 ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆன கதையெல்லாம் நம் வாசகர்களுக்குத் தெரியும். பட்டாளத்துப் பென்ஷனுக்காக எழுதிக் கொடுத்தவர் யார், கொடுக்காமல் விட்டுப் பிறகு வருந்தியவர் யார்? 'காரைக்கால் நகரத்தில் 1962 குடியுரிமைத் தேர்வு: சில குடும்பங்கள்'. தலைப்பு சின்னதுதான். ஆனால் அன்று பதினெட்டு வயதானவருக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது.

"கேட்டா சொல்வாங்களா தாத்தா?" என்றாள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். காது மந்தம், ஞாபகம் கூர்மை. வருகிற ஞாயிறு காலை அவர் வீட்டுக்குப் போகிறோம். முதலில் எல்லார் பெயரையும் கேட்டு எழுதிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.