வாக்கு ஆளுக்கா, நியாயத்துக்கா? நாவலப்பிட்டி கூறும் வரலாறு

"தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்" என்பது நம் முன்னோர் மொழி. இரத்தபாசத்தின் வலிமையை இதனினும் சுருங்கச் சொல்ல இயலாது. ஆயினும், வாக்குச் சாவடிக்குள் நுழையும்போதும் தசை ஆடுவதற்கு இடங்கொடுக்கலாமா என்பதே இக்கட்டுரையின் கேள்வியாகும். தேர்தல் வந்துவிட்டால் நம் ஊர்க் கடைவீதியில் முதலிற் கேட்கப்படுவது "ஆள் யார்? நம்மவரா?" என்பதே. "எதற்காக நிற்கிறார்? என்ன செய்வார்?" என்ற வினாக்கள் பின்வரிசையிலேயே நிற்கின்றன. இவ்வழக்கம் நன்றா தீதா என்று வாதிப்பதை விடுத்து, வரலாறு என்ன கூறுகின்றது என்று பார்ப்போம். அதற்கு நாம் வேறு தேசங்களுக்குப் போக வேண்டுவதில்லை. நாவலப்பிட்டியே போதும்.

1937ஆம் ஆண்டுக் கூட்டம்

1874இல் புகையிரதம் வந்தது முதல், சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு நம் பட்டினமே வாயிலாக விளங்கியது. இவ்வூரில் 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி லங்கா சமசமாஜக் கட்சியினர் ஒரு கூட்டம் நடத்தினர். தோட்டத் தொழிலாளர் சுமார் இரண்டாயிரம் பேர் திரண்டிருந்தனர். மேடையில் நின்றோர் யாவர்? ஒருவர் சிங்களவரான கலாநிதி என். எம். பெரேரா. மற்றொருவர் இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாய என்னும் பெண்மணி. 1926இலேயே சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில் நின்று, மிகச் சில வாக்குகளால் வெற்றியை இழந்தவர். மூன்றாமவர்தான் அன்றைய அதிசயம். அவர் ஒரு வெள்ளைக்காரர். மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்பது அவர் பெயர். இங்கிலாந்திற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்து, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் துரைத்தொழில் பழக வந்தவர். தொழிலாளர் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டு மனம் பொறாமல், துரைமாரின் கொடுமைகளை அம்மேடையில் எடுத்துரைத்தார்.

அக்காலத்துத் தோட்டத்தில் துரையின் முன் தலைப்பாகையோடு நிற்பதே குற்றம். அத்தகைய துரை இனத்தவர் ஒருவர் தொழிலாளியைத் "தோழரே" என்று அழைத்துப் பேசியபோது கூட்டத்தார் எவ்வளவு வியந்திருப்பர்! தோட்டச் சொந்தக்காரர் பொறுப்பாரா? தேசாதிபதி ஸ்ரப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். ஏப்ரல் 22ஆம் திகதி கட்டளை கையளிக்கப்பட்டது. நாற்பத்தெட்டு மணி நேரத்துள் இலங்கையைவிட்டு நீங்க வேண்டும் என்றது அது. அவரோ தலைமறைவானார். மே 5ஆம் திகதி அரசாங்க சபையிலே தேசாதிபதியின் செயலைக் கண்டிக்கும் பிரேரணை 34 வாக்குகளுக்கு 7 என்ற கணக்கில் நிறைவேறிற்று. மே 18ஆம் திகதி உயர் நீதிமன்றம், பேச்சுச் சுதந்திரத்தைப் பயன்படுத்தியதற்காக ஒருவரை அவ்வாறு நாடுகடத்த முடியாது எனத் தீர்ப்பளித்தது. பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் அவர்களும் ஓர் ஆங்கிலேயரே என்பதை மறத்தலாகாது.

ஆங்கிலேயர் ஒருவர் கட்டளையிட்டார். ஆங்கிலேயர் ஒருவர் தலைமையிலான மன்றமே அதனைச் செல்லாதாக்கிற்று. கொடுமை செய்தவனும் வெள்ளையன். அதனை அம்பலப்படுத்தியவனும் வெள்ளையன். நிறத்தை மட்டும் பார்த்திருந்தால் அன்றைய தொழிலாளி யாரை நம்பியிருப்பான்?

படித்தவர் வாக்களித்த விதம்

இனம் பாராது வாக்களித்ததற்கு நம் நூல்கள் காட்டும் முதல் எடுத்துக்காட்டு 1911ஆம் ஆண்டுத் தேர்தலாகும். சட்டநிரூபண சபையில் "கற்ற இலங்கையர்" என ஒரேயொரு ஆசனம் ஒதுக்கப்பட்டது. ஆங்கிலக் கல்வியும் வருமானமும் உடைய ஆண்கள் ஏறக்குறைய மூவாயிரம் பேருக்கே வாக்கு இருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களும் டாக்டர் மாக்கஸ் பெர்னாண்டோ அவர்களும் போட்டியிட்டனர். சிங்களவர் தொகை மிகுந்த அத்தொகுதியில் தமிழரான இராமநாதன் 1645 வாக்குகளும், சிங்களவரான பெர்னாண்டோ 981 வாக்குகளும் பெற்றனர்.

"என்னே பரந்த மனம்!" என்று நாம் வியப்படையலாம். ஆனால் வரலாறு படிப்போன் சற்று உள்ளே நோக்குதல் வேண்டும். பெர்னாண்டோ கரையோரச் சாதியைச் சேர்ந்தவராதலால், சிங்கள உயர்சாதியார் பலர் அவரை விடுத்துத் தமிழரான இராமநாதனுக்கு வாக்களித்தனர். இனம் என்னும் சுவர் இடிந்ததுபோல் தோன்றினாலும், அதற்குப் பின்னால் சாதி என்னும் சுவர் நின்றது. ஆள் நல்லவராக அமைந்தது வாக்காளரின் பாக்கியமே.

1915ஆம் ஆண்டுக் கலவரத்தையொட்டி இராணுவச் சட்டத்தின்கீழ் சிங்களத் தலைவர்கள் சிறைப்பட்டபோது, அவர்களுக்காகச் சபையிலே முழங்கியவர் இராமநாதனே. அதனால், கலவரத்தில் அடிபட்ட முஸ்லிம் மக்கள் மனம் நொந்தனர் என்பதையும் மறைத்தலாகாது. அதே இராமநாதன், பின்னர் டொனமூர் ஆணைக்குழுவினர் வந்தபோது, சர்வஜன வாக்குரிமையை எதிர்த்தார். ஒரு விடயத்தில் உயர்ந்து நின்றவர் மற்றொன்றில் தவறக்கூடும். ஆகவே ஒருமுறை வாக்களித்துவிட்டு ஆயுள் முழுவதும் உறங்கிவிட முடியாது.

பெண்களுக்கு வந்த வாக்கு

1931இல் இருபத்தொரு வயதடைந்த ஆண் பெண் இருபாலாருக்கும் இலங்கையில் வாக்குரிமை கிடைத்தது. பிரான்சு தேசத்துப் பெண்கள் அதனைப் பெற 1944 வரை காத்திருந்தனர். எழுத்தறியாதோர்க்காக அக்காலத்தில் ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒவ்வொரு நிறப்பெட்டி வைக்கப்பட்டது. பெட்டியின் நிறத்தைப் பார்த்துச் சீட்டை இட்டார்கள். அந்நிறப் பெட்டிகள் மறைந்துவிட்டன. நிறம் பார்க்கும் பழக்கம் மறைந்ததோ?

அவ்வாண்டு நவம்பரில் நடந்த றுவன்வல்லை இடைத்தேர்தலில் அடலின் மொலமுறே அம்மையார் வென்று, அரசாங்க சபையின் முதற் பெண் உறுப்பினரானார். 1932இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண்மணி வென்றார். முன்னவர் தந்தையார் மறைந்ததால் வெறுமையான ஆசனத்திலும், பின்னவர் தம் கணவரின் தேர்தல் செல்லாதாக்கப்பட்ட ஆசனத்திலும் நின்றவர்கள். குடும்பப் பெயரே கதவைத் திறந்தது என்பது உண்மை. ஆயினும் நேசம் அம்மையாரைப் பல இனத்தவரும் வாழும் கொழும்பு வடக்கு மக்கள் 1936ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலும் தெரிந்தெடுத்தனர். முதல் வாக்கு கணவரின் பெயருக்கு விழுந்ததாயினும், இரண்டாவது வாக்கு அவருக்கே விழுந்தது என்று கொள்ளலாம் அன்றோ?

1947உம் அதன் பின்னரும்

1947இல் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கொல்லையில் சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் வென்றனர். நாவலப்பிட்டி ஆசனத்தை வென்றவர் கே. இராஜலிங்கம் அவர்கள். "அப்படியானால் தோட்ட மக்களும் தம்மவருக்குத்தானே வாக்களித்தனர்?" என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மையே. ஆனால் தம்மவர் அபேட்சகராக நில்லாத தொகுதிகள் பலவற்றில் அவர்கள் வாக்களித்தது இடதுசாரிக் கட்சிகளைச் சேர்ந்த சிங்கள அபேட்சகர்களுக்கே. கூலி, லயம், சங்கம் அமைக்கும் உரிமை இவற்றுக்காகக் குரல்கொடுத்தவர் யார் என்று பார்த்தே அவ்வாறு செய்தனர். கையெழுத்திடத் தெரியாதோர் என்று எள்ளப்பட்ட அம்மக்கள், 1911இல் வாக்களித்த கற்றோரிலும் தெளிவாக விடயத்தை நோக்கினர் என்பேன்.

அத்தெளிவே அவர்களுக்கு வினையாயிற்று. ஆளுங் கட்சியினர் அவ்வாக்குகளைக் கண்டு அஞ்சியது அவற்றைப் பறித்தமைக்கு ஒரு காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிபு. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்கைப் பறித்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வேழு ஆசனங்களில் ஒன்றேனும் காங்கிரஸுக்குக் கிட்டவில்லை.

அச்சோதனைக் காலத்தில் யார் யார் எங்கெங்கு நின்றனர்? 1948இல் அச்சட்டத்தை எதிர்த்தோருள் என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீற்றர் கெனமன் ஆகியோர் இருந்தனர். இவர்களுள் ஒருவரும் தமிழரல்லர். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களும் முதலில் எதிர்த்தார். பின்பு அவ்வாண்டிலேயே அவ்வரசாங்கத்தில் அமைச்சரானார். அவர் அமைச்சராயிருந்த அரசாங்கமே 1949இல் வாக்கைப் பறிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள் பிரிந்து சென்று தமிழரசுக் கட்சியை அமைத்தார். ஆக, ஒரே மொழி பேசிய இருவர் இரு பக்கம் நின்றனர்.

1960இல் உலகின் முதற் பெண் பிரதமர் நம் நாட்டில் தோன்றினார். பெண் குலத்துக்கே பெருமை. ஆனால் 1964இல் அவர் சாஸ்திரி அவர்களுடன் செய்த ஒப்பந்தமே 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும் வகுத்தது; எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. இவ்வேற்பாட்டால் தாயை விட்டுப் பிள்ளையும் அண்ணனை விட்டுத் தங்கையும் பிரிந்தனர். அரசுக் கட்டிலில் பெண் இருந்ததால் ஒரு தாயின் கண்ணீரேனும் குறைந்ததா?

1948இல் நமக்காகப் பேசிய கொல்வின் அவர்களே, அமைச்சராயிருந்து 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை வகுத்தபோது, சிறுபான்மையோரின் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு அதில் இடம்பெறவில்லை. நேற்றுத் துணைநின்றவர் நாளையும் நிற்பார் என்பதற்கும் உறுதியில்லை.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

"சிறுபான்மையோராகிய நாம் நம்மவரைத் தெரியாவிடில் நமக்காகப் பேச யார் உளர்?" என்று பெரியோர் கேட்கின்றனர். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. லயத்துக் கூரை ஒழுகுவதை அதன்கீழ்ப் படுத்தவரே நன்கறிவர். 2024ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல் என மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர் பாராளுமன்றஞ் சென்றபோது, பெண்ணாகிய நானும் மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சி தவறன்று. ஆனால் அவர்களும் என்ன செய்தார் என்பதைக் கொண்டே மதிக்கப்படல் வேண்டும். அதுவே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையுமாகும். பட்டறிவு தகுதியின் ஒரு பகுதி. பிறப்பு மட்டுமே தகுதியாகிவிடாது. "நம்மவர்" என்ற ஒரு சொல்லோடு வருபவரிடம் மேற்கொண்டு ஒன்றும் கேளாதிருந்தால், ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாகிவிடும்.

இன்று நாவலப்பிட்டி கண்டி மாவட்டத்தின் ஒரு பிரிவு. ஒரு கட்சிக்குப் புள்ளடியிட்டு, அக்கட்சியின் அபேட்சகர் மூவருக்கு விருப்பு வாக்கும் அளிக்கின்றோம். காணி பற்றி என்ன கூறுகிறார்? தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர் வர வழி யாது? நாட்கூலி பற்றிச் சென்ற முறை என்ன சொன்னார், என்ன செய்தார்? இம்மூன்று கேள்விகளையும் தமிழரிடமும் சிங்களவரிடமும் முஸ்லிமிடமும், ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே குரலிற் கேட்க நம் இளைஞர் பழகுவாராக.

முடிவாக ஒன்று. என் அம்மாயி 1948இல், அச்சட்டம் வந்த ஆண்டிலேயே பிறந்தவர். அவர் தமையனார் ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றார். பின் ஒருவரையொருவர் கண்டதில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரஜாவுரிமை பெற்று, நாற்பது வயதுக்குப் பின்னரே அம்மாயி முதன்முதல் வாக்களித்தார். நான் முதல்முறை வாக்களிக்கப் புறப்பட்ட காலையில், "யாருக்குப் போடலாம், அம்மாயி?" என்று கேட்டேன். "யாருக்குன்னு நான் சொல்ல மாட்டேன் புள்ள. நம்ம ஆளு, நம்ம ஆளுன்னு நானும் போட்டேன்; இந்தக் கூரை அன்னைக்கும் ஒழுகுச்சு, இன்னைக்கும் ஒழுகுது. எதுக்குப் போடுறேன்னு தெரிஞ்சுகிட்டுப் போடு" என்றார்.

பல்கலைக்கழகத்தில் நான் படித்த பாடங்கள் பல. இதனினும் சிறந்த பாடம் ஒன்றை இன்னும் படித்தேனில்லை.