வகை மாறும் நிலம்

மணவூர் என்றால், அரக்கோணம் மின்ரயிலில் திருவாலங்காட்டுக்கு முந்தைய நிலையம் என்ற அளவிலேயே பலர் அறிவர். தொண்டை மண்டலத்துக் கோட்டங்களுள் ஒன்றான மணவிற்கோட்டம் இவ்வூரால் பெயர் பெற்றது. முதற் குலோத்துங்கனின் தளபதி மணவிற் கூத்தனுக்கும் இதுவே ஊர் என்பது ஆய்வாளர் கருத்து. 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னகத்தின் முதல் இருப்புப்பாதையும் இவ்வழியே சென்றது. இன்று அப்பாதையின் இருமருங்கும் வயல்களினிடையே மனைக்கற்கள் நிற்கின்றன.

நன்செய் என்று கணக்கிலிருக்கும் நிலம் நாளை குடியிருப்பு வகையாகும் என்று கணித்து இன்றே வாங்கிப்போடுவது இக்காலத்து வணிகம். உழவர் ஏக்கர் விலைக்கு விற்பார்; வாங்கியவர் அதே ஏக்கரில் சாலைக்கு இடம்விட்டு, எஞ்சியதைச் சதுர அடி விலைக்கு விற்பார். மண் மாறுவதில்லை, அதன்மேல் எழுதிய சொல்தான் மாறுகிறது.

சொல் மாறுவது இப்பகுதிக்குப் புதிதன்று. முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டுக்குரிய திருவாலங்காட்டுச் செப்பேடுகள், ஏடு முப்பத்தொன்று, சொல்வது ஏறத்தாழ இதையே. சிங்களாந்தகச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாரிடம் பிரமதேயமாக இருந்த பழையனூர், அவ்வகையினின்று நீக்கப்பட்டு, வெள்ளான்வகையாக்கப்பட்டு, திருவாலங்காட்டு இறைவனுக்குத் தேவதானமாயிற்று. (நீலிக்குத் தந்த வாக்குக்காக வேளாளர் எழுபதின்மர் தீப்புகுந்ததாகச் சொல்லப்படும் அதே பழையனூர்தான்.) ஓர் உழுசால்கூட இடம் பெயரவில்லை, விளைச்சலில் யாருக்கு என்ன உரிமை என்பது மட்டும் பெயர்ந்தது. சபையாரின் மனக்குறையைச் செப்பேடு பாடாது. சோழர் காலத்தைப் பொற்காலமென்று புகழ்வோர் இதையும் கருத வேண்டும்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று ஆணை பிறந்ததும் பெண்யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டனர். யானை நடப்பதை ஊர் முழுதும் காணும். இன்றைய வரைபடமோ அலுவலகச் சுவருக்குள் பிறப்பது. அதன் செய்தி முதலில் எட்டுவது உழுபவனுக்கன்று.

2018 சனவரியில் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 8,878 ஆக விரிப்பதாக அரசு அறிவித்தபோது திருவள்ளூர் மாவட்டம் முழுவதும் அதனுள் வந்தது. 2022-இல் அது 5,904 ஆகச் சுருங்கியது. எல்லைக்குள் வந்தாலும் நிலத்தின் வகை தானே மாறிவிடாது. அதற்குத் தனித் திட்டம் வேண்டும். விலை அதுவரை காத்திருப்பதில்லை.

வாங்கியவர் எல்லோரும் தப்பினாரில்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு 2017-இன் வரன்முறை விதிகள் வழிவிட்டன, கட்டணத்தின் பேரில். மனைபிரித்தவர் பணத்தோடு அகன்றிருந்த இடங்களில் அக்கட்டணம் ஒற்றை மனைக்காரர் தலையில் விழுந்தது. நன்செய் விலைக்கு விற்றுவிட்ட உழவரைப் பற்றி அவ்விதிகளில் ஒரு வரியும் இல்லை.