மூலக்கூறு அசைபட நிரலாக்கம்

மூலக்கூறு அசைபட நிரலாக்கம் என்பது, புரதம், டி.என்.ஏ. போன்ற பெருமூலக்கூறுகளின் முப்பரிமாண அமைப்பைச் சுழற்றியும் அண்மைப்படுத்தியும் காட்டும் அசைபடத்தை, சுட்டியால் இயக்கிப் பதிவு செய்யாமல், வரிசையாக எழுதப்பட்ட கட்டளைகளால் உருவாக்கும் முறையாகும். பைமால், விஎம்டி, கைமீராஎக்ஸ் ஆகிய மென்பொருள்கள் இதற்குப் பயன்படுகின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55-இல் முன்வைத்த, கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை இம்முறையில் விளக்கலாம். புரதத் தரவு வங்கியில் 1சிஏஜி என்னும் குறியீட்டில் உள்ள கொலாஜன் ஒத்த பெப்டைடின் அணு ஆயங்களைப் பைமாலில் ஏற்றி, மூன்று சங்கிலிகளுக்கும் தனித்தனி நிறமிட்டபின், ‘எம்செட்’ கட்டளையால் 120 சட்டகங்களை ஒதுக்கி, சட்டகத்துக்கு 3 பாகை வீதம் திருப்பினால் மூலக்கூறு ஒரு முழுச்சுற்று சுழலும். நொடிக்கு 30 சட்டகங்கள் என்ற வேகத்தில் அது 4 நொடிப் படமாகும். ‘எம்வியூ’ கட்டளை முதன்மைச் சட்டகங்களில் பார்வைக் கோணத்தைச் சேமிக்க, இடைப்பட்ட கோணங்களை மென்பொருளே கணித்து நிரப்புகிறது. ‘எம்பிஎன்ஜி’ சட்டகங்களைத் தனிப் படங்களாக எழுதித் தருகிறது.

கட்டளைகள் கோப்பாகச் சேமிக்கப்பட்டிருப்பதால் நிறத்தையோ வேகத்தையோ மாற்றி அதே படத்தை மீண்டும் பெறலாம். எனினும், ஒரு மூலக்கூறின் இரு வடிவங்களுக்கிடையே இடைக்கணிப்பால் நிரப்பப்படும் அசைவு காட்சி வசதிக்கானதே. மூலக்கூறின் மெய்யான இயக்கத்தை ஆராய இயக்கவியல் பாவனைக் கணிப்பு தேவைப்படும்.