நாவில் விழுந்த பூட்டு: இமாம் கஸ்ஸாலி (ரஹ்) காத்திருந்த காலம்

எழுதுவோர், கற்பிப்போர், வணக்கசாலிகள் ஆகிய எல்லோருக்கும் ஒரு நிலை வருவதுண்டு. நேற்றுவரை ஊறிய சொல் இன்று வற்றிவிடுகிறது. தொழுகையில் உடல் நிற்கிறது. உள்ளமோ உடன் வர மறுக்கிறது. தஸவ்வுஃப் அறிஞர்கள் இந்நிலையை ‘கப்ளு’ என்றனர். இறுக்கம் என்பது பொருள். இதன் மறுநிலை ‘பஸ்து’, அதாவது விரிவு. நைஸாபூர் இமாம் அபுல் காஸிம் அல்குஷைரி (ரஹ்) அவர்கள் ஹி. 438இல் (கி.பி. 1046) முடித்த ‘ரிஸாலா’வில் இவ்விரண்டையும் விளக்கியுள்ளார்கள். காரணம் புலப்படாத இறுக்கம் நேர்ந்தால், அது கடந்து செல்லும்வரை பணிந்திருப்பதே முறை. வலிந்து அகற்ற முயன்றால் அது மிகும் என்பது அவர்களின் கருத்து.

இதற்கு மிக உயர்ந்த முன்மாதிரி நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே உண்டு. ஹிராக் குகையில் முதல் வஹீ அருளப்பட்ட பின் சிறிது காலம் அது நின்றிருந்தது. அறிஞர்கள் அதனை ‘ஃபத்ரத்துல் வஹீ’ என்பர். அதன் கால அளவு பற்றி அறிவிப்புகள் வேறுபடுகின்றன. ஆனால், அந்த இடைவெளி கைவிடப்பட்டதன் அடையாளமன்று என்பதில் கருத்து வேறுபாடில்லை.

வரலாற்றில் இவ்விறுக்கத்தைத் தம் கைப்படவே பதிவு செய்தவர்கள் இமாம் அபூ ஹாமித் அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஹி. 450இல் (1058) தூஸில் பிறந்து, நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் பயின்றார்கள். ஹி. 484இல் (1091) அமைச்சர் நிழாமுல் முல்க் அவர்களைப் பக்தாத் நிழாமிய்யாவின் பேராசிரியராக அமர்த்தியபோது, ஹிஜ்ரிக் கணக்கில் 34 வயதே. அவர்களிடம் பாடம் கேட்டோர் முந்நூறு பேர்.

ஹி. 488 ரஜபில் (1095) அந்த நா பூட்டுண்டது. தாம் கற்பிக்கும் கல்வியின் நோக்கத்தை ஆராய்ந்தபோது, இறைதிருப்தியைவிடப் புகழாசையே அதனைச் செலுத்துவதாக இமாமவர்கள் கண்டார்கள். போவதா, இருப்பதா என்ற ஊசலாட்டம் ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்தது. மாணவர் மனம் மகிழவேனும் ஒருநாள் பாடம் நடத்த முயன்றும் ஒரு சொல்லும் எழவில்லை. உணவும் நீரும் இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவியது என்று கூறி மருத்துவர் கைவிட்டனர். ‘அல்முன்கிது மினள் ளலால்’ என்ற நூலில் இமாமவர்கள் தந்துள்ள செய்தி இது.

நிழாமுல் முல்க் 1092இல் கொல்லப்பட்டதையும், அதே ஆண்டு சுல்தான் மலிக்ஷா மறைந்ததையும் சுட்டி, இம்முடிவுக்கு அரசியல் காரணம் தேடும் ஆய்வாளரும் உளர். அச்சூழலை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் பாடம் சொல்ல இயலாது போன நாவுக்கு அது மட்டும் விளக்கமாகாது.

பின் நிகழ்ந்ததை நம் மேடைகளில் பெரும்பாலும் இடையறாத தனிமைத் தவமாகவே சித்திரிக்கின்றனர். உண்மை வேறு. குடும்பத்துக்குப் போதியதை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்துப் புறப்பட்டார்கள். திமஷ்கின் உமவிய்யாப் பள்ளி மினாராவில் பகல்களைக் கழித்தார்கள். பின்னர் பைத்துல் முகத்தஸ் சென்றார்கள். நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில், அரசரை நாடுவதில்லை, அவர்தம் பொருளை ஏற்பதில்லை, வாதப்போரில் இறங்குவதில்லை என உறுதி பூண்டார்கள். ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். ஹி. 490இல் (1097) மீண்டும் பக்தாதில் இருந்தார்கள். அந்தலூஸ் அறிஞர் அபூபக்ர் இப்னுல் அரபி (ரஹ்) அங்கே அவர்களைச் சந்தித்தார்கள். பிள்ளைகளின் அழைப்பு தம்மைத் தாயகம் ஈர்த்தது என்று இமாமே கூறுகிறார்கள். குடும்பத் தேவைகளும் காலச் சிக்கல்களும் தனிமையைக் கலைத்தன. தூய நிலை சிதறிய சில வேளைகளிலேயே கிட்டியது. ஆயினும் நம்பிக்கையை அறுத்துக்கொள்ளாமல் மீண்டும் மீண்டும் அதனிடமே திரும்பினார்கள்.

நம் உள்ளத்தைத் தொடும் இடம் இதுவே. அமைதியான இடமும் நேரமும் அமைந்தால் வறட்சி நீங்கும் என்று நாம் எண்ணுகிறோம். இமாமவர்களுக்கோ அவை முழுமையாக அமையவே இல்லை.

அக்காலம் வெறும் காத்திருப்பாகவும் இருக்கவில்லை. பைத்துல் முகத்தஸ் மக்களுக்காகக் கொள்கை விளக்கமாக ‘அர்ரிஸாலத்துல் குத்ஸிய்யா’வை எழுதினார்கள். அது பின்னர் ‘இஹ்யா உலூமுத்தீ’னில் இடம்பெற்றது. நாற்பது பகுதிகள் கொண்ட அந்த இஹ்யாவே இவ்வாண்டுகளின் விளைச்சல்தான். அதன் 32ஆம் பகுதி பொறுமையையும் நன்றியையும் பேசுகிறது. துன்பத்தில் மட்டுமன்றி வணக்கத்திலும் பொறுமை தேவை. தொடங்குமுன் எண்ணத்தைத் தூய்மையாக்குவதிலும், செய்கையில் சோர்வை வெல்வதிலும், முடித்தபின் பெருமையடிக்காமல் இருப்பதிலும் அது வேண்டும் என்று அங்கே வகுத்துரைக்கிறார்கள். வறண்ட காலத்தில் நமக்கு வேண்டியது நடுவிலுள்ள பொறுமை. சுவை தெரியாதபோதும் செயலை விடாதிருத்தலே அது.

ஹி. 499இல் (1106) அமைச்சர் ஃபக்ருல் முல்க் வற்புறுத்த, நைஸாபூர் நிழாமிய்யாவில் இமாமவர்கள் மீண்டும் பாடம் சொல்லத் தொடங்கினார்கள். வெளித்தோற்றத்தில் இது பழைய பணிக்குத் திரும்புதல். ஆனால் தாம் திரும்பவில்லை என்பதே அவர்களின் கூற்று. முன்பு கற்பித்தது பதவியைத் தேடித் தரும் கல்வி. இப்போது கற்பிப்பதோ பதவியைத் துறக்கச் செய்யும் கல்வி. ஹி. 505இல் (1111) தூஸில் மறையும்வரை இந்நோக்கம் மாறவில்லை.

ஆகவே, பாடம் சுவையற்றுப் போகும் நாளிலும் எழுதுகோல் நகராத நாளிலும் பழைய ஊற்றையே திரும்பக் கேட்டு நாம் மன்றாட வேண்டியதில்லை. அடைபட்டது எந்த நோக்கத்தால் ஓடிக்கொண்டிருந்தது என்று முதலில் நம்மை நாமே வினவுவோம். தொழுகையின் நேரத்தையும் குடும்பத்தின் உரிமையையும் மாணவரின் பாடத்தையும் அதுவரை தவறவிடாதிருப்போம். இறுக்கவும் விரிக்கவும் வல்ல அல்லாஹ், அக்காத்திருப்பை நம் அனைவருக்கும் எளிதாக்கி அருள்வானாக.